மூடியிலேயே ஃபில்டர் வரும் மீன்தொட்டி: வசதியும், அதை நம்பி நாம் செய்யும் தவறுகளும்

சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடைகள் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஒருபக்கம் கண்ணாடியை ஒட்டிச் செய்த சாதாரணத் தொட்டிகள் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம், முனை வளைந்த கண்ணாடியும் மேலே கறுப்பு பிளாஸ்டிக் மூடியுமாகப் பளபளவென்று வேறொரு வகை. லைட், மோட்டார், ஃபில்டர் மூன்றும் அந்த மூடிக்குள்ளேயே அடக்கம். "பிளக்கைச் சொருகினாப் போதும் சார், வேற எதுவும் வாங்க வேணாம்" என்பார்கள். அதை நம்பி 2 அடித் தொட்டி ஒன்றையும் நாலு கோல்ட் ஃபிஷ்ஷையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்தவன் நான். பத்து நாளில் நாலும் போய்விட்டன. முதலில் கடைக்காரர் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை. வாங்க வேண்டியது எல்லாம் அந்த மூடியில் இருந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றுக்கு நான்தான் காத்திருக்கவில்லை.

இந்த மூடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தானாகவே குறையும். தொட்டிக்குள் தொங்கும் சின்ன மோட்டார் தண்ணீரை இறைத்து மூடியிலுள்ள தட்டில் விடும். தட்டில் பஞ்சு இருக்கும். சில மாடல்களில் கரி நிரப்பிய கார்பன் பையும், பீங்கான் போன்ற செராமிக் ரிங்கும் இருக்கும். அதன் வழியே வடிந்து தண்ணீர் மறுபடி தொட்டிக்குள் விழும். பஞ்சு அழுக்கைப் பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலைதான் பெரியது. மீன் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. பஞ்சில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாக்டீரியா கூட்டம் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுப் பஞ்சில் அது கிடையாது.

ஆகவே தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்குவதுதான் முதல் தவறு. தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஓடவிடுங்கள். வீட்டில் எல்லோரும் "மீன் இல்லாத தொட்டிக்கு எதுக்குச் சாப்பாடு?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். நண்பர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பழைய பஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது. அதை உங்கள் தட்டில் வைத்தால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் இரண்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு இரண்டு மூன்று சின்ன மீன்களோடு ஆரம்பியுங்கள்.

அடுத்ததுதான் இந்த வகைத் தொட்டிக்கே உரிய தவறு. பல மூடிகளில் லைட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே ஒயர், ஒரே பிளக். இரவு படுக்கப் போகும்போது லைட்டை அணைக்கிறோம் என்று நினைத்து ஃபில்டரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை பாக்டீரியா உடனே செத்துவிடாது, உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு அம்மோனியாவைச் சுத்தம் செய்ய ஆளில்லை. மேலிருந்து விழும் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கிக் காற்றை உள்ளே சேர்க்கும், அதுவும் நின்றுவிடும். செடி வைத்திருந்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், 'பசிக்கிறது போல' என்று தீனி போடாதீர்கள். அது மூச்சுத்திணறல். மோட்டார் 24 மணி நேரமும் ஓட வேண்டும், லைட் 6 முதல் 8 மணி நேரம் போதும். வாங்கும்போதே லைட்டுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இனி, நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்று. இந்த மூடியின் பெரிய வசதி, தொட்டிக்குள் கைவிடாமலே பஞ்சை எடுத்துவிடலாம். அந்த வசதியே வினையாகிறது. சுலபமாகக் கைக்கு வருவதால் வாராவாரம் எடுத்து, குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடுகிறோம். மெட்ரோ தண்ணீரில், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் விடும் குழாய்த் தண்ணீரில், குளோரின் இருக்கிறது. அது கிருமியோடு சேர்த்து நம் பாக்டீரியாவையும் கொல்லும். தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் எடுத்து, அதில் நாலு முறை அமுக்கிவிட்டு, பழுப்பு நிறத்தோடேயே திரும்ப வையுங்கள். பஞ்சு கிழிந்து மாற்ற வேண்டியிருந்தால் பாதியை இன்று, மீதியைச் சில வாரம் கழித்து. கார்பன் பை வேறு கதை. அது ஓரிரு மாதத்தில் சக்தி இழந்துவிடும், தூக்கிப் போடலாம். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

அதற்காகக் கழுவாமலே விட்டாலும் வம்புதான். பஞ்சு அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி வழியும். சில மாடல்களில் அது பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தரைக்கு இறங்கும். காலையில் ஹாலில் ஈரம் பார்த்து 'தொட்டி விரிசல் விட்டுவிட்டதோ' என்று நாங்கள் பதறிய நாளும் உண்டு.

தண்ணீர் மட்டத்தையும் கவனியுங்கள். மூடி இருப்பதால் தண்ணீர் ஆவியாவது குறைவு. ஆனாலும் மே மாதத்தில் இறங்கத்தான் செய்யும். மோட்டார் தண்ணீருக்கு மேல் வந்து வெறுமனே சுழன்றால் எரிந்துபோகும். 'சளசள' சத்தம் வழக்கத்தைவிடக் கூடினாலே மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

வெயில் காலம்தான் இந்த மூடிக்கு உண்மையான சோதனை. திறந்த தொட்டியில் சூடு ஆவியோடு மேலே போகும். மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும். மூடி போட்டால் அந்த வழி அடைபடுகிறது, லைட்டின் சூடும் உள்ளேயே தங்குகிறது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. குளிர்ந்த தண்ணீரை விரும்பும் கோல்ட் ஃபிஷ்ஷுக்குச் சென்னைக் கோடையில் மூடிய தொட்டி சரிப்படாது. அது அதிகம் கழிவு போடும் மீன், இந்தத் தட்டிலுள்ள கையளவு பஞ்சு அதற்குக் காணாது. நான் செய்ததில் பெரிய முட்டாள்தனம் இந்தத் தேர்வுதான். கப்பி, மோலி, சின்ன டெட்ரா வகைகள் பொருந்தும். ஃபைட்டர் மீனுக்கு மூடி நல்லதே: துள்ளி வெளியே விழாது, தண்ணீருக்கு மேல் அது மூச்சுவிடும் காற்றும் கதகதப்பாக இருக்கும். ஆனால் விழும் தண்ணீரின் வேகம் அதன் நீளத் துடுப்புகளை அலைக்கழிக்கும், விழும் இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகி வேகத்தைக் குறையுங்கள். கப்பி குட்டி போட்டால் மோட்டாரின் வாயிலும் ஒரு பஞ்சு வேண்டும், இல்லாவிட்டால் குட்டிகள் உள்ளே போய்விடும்.

மூடியின் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் பல்லிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுகூடத் தொட்டியில் விழுந்ததில்லை. ஆனால் மூடி கொசு மருந்தைத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். சுருள், லிக்விட் இவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. மூடியைத் தூக்கினால் பல மாடல்களில் மோட்டாரும் கூடவே வரும். அதனால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல் நடுவில் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியே வடியும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

கடையில் இருக்கும்போதே மூடியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். "இதே சைஸ் மோட்டார் தனியாகக் கிடைக்குமா?" என்றும் கேளுங்கள். சாதாரணத் தொட்டியில் மோட்டார் போனால் எந்தக் கம்பெனியுடையதையும் போடலாம். இந்த மூடியில் அந்தக் குழிக்குள் அந்த மோட்டார்தான் உட்காரும். எனக்கு அது கிடைக்காமல் போனபோது, பின்மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஏர் பம்பையும் வைத்தேன். மூடி இப்போது வெறும் லைட்டாகவும் பல்லிக் காவலாகவும் வேலை பார்க்கிறது.