27 புளியங்கொட்டையும் வளவுத் தரையும்: ஸ்டீராய்டு ஹார்மோன் படத்தை மனப்பாடம் பண்ணாமல் போடுவது எப்படி?

மாலையில் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் நர்சிங், மற்றவர்கள் பி.பார்ம். எல்லோரும் பயப்படுவது ஒரே பக்கத்துக்குத்தான். கொலஸ்ட்ராலில் தொடங்கி, அம்புக்குறிகளாகப் பிரிந்து, ஆல்டோஸ்டீரோன், கார்ட்டிசால், ஈஸ்ட்ரடையால் என்று முடிகிற அந்தப் படம். ஒப்பித்துக்கொண்டே வருவார்கள், நடுவில் ஒரு பெயர் தவறினால் மொத்தமும் போச்சு. மனப்பாடமே வேண்டாம் என்பது என் கட்சி. கார்பனை எண்ணத் தெரிய வேண்டும், எந்தச் சுரப்பியில் எந்த நொதி இல்லை என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

தேவகோட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. சதுரம் சதுரமாக இருப்பதால் தரையே கட்டம் போட்ட தாள். உங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை என்றால் சாக்பீஸால் குறுக்கே மூன்று, கீழ்நோக்கி ஐந்து என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். துண்டுச்சீட்டுகள் கொஞ்சம், கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 27. கொட்டை ஒவ்வொன்றும் ஒரு கார்பன்.

கட்டத்துக்கு மேலே ‘கொலஸ்ட்ரால்’ என்று எழுதி 27 கொட்டையையும் வையுங்கள். நான்கு வளையம், அதன் ஓரத்தில் ஒரு வால்: இதுதான் அதன் உருவம். இது செல்லுக்குள் எங்கிருந்து வருகிறது? செல் தானே செய்துகொள்ளும். கொழுப்புத் துளிகளாகவும் சேர்த்து வைத்திருக்கும். ஆனால் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி பெரும்பாலும் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகளிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஊரே ‘கெட்ட கொழுப்பு’ என்று பெயர் வைத்த அதே எல்டிஎல்தான். வீட்டுக்கார ஆச்சி ஒருநாள், “ஏன்டியம்மா, அது ரத்தக்குழாயை அடைக்கும்னு டாக்டர் சொல்றாரு, நீ அதுலதான் ஹார்மோனே வருதுங்கிறியே?” என்று கேட்டார். இரண்டும் உண்மைதான் ஆச்சி என்றேன். ஹார்மோனுக்காக உடம்பு ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 50 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான். அதற்கு வேண்டியதை உடம்பே செய்துகொள்ளும். உப்புக்கறியை இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் ஹார்மோன் கூடாது.

இப்போது முதல் வெட்டு. கொலஸ்ட்ரால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும். வெளிச்சவ்விலிருந்து அங்கே கொண்டுபோய் விடுவது ‘ஸ்டார்’ என்ற புரதம். முழுப் பாதையின் வேகமும் இந்த ஓரிடத்தில்தான் தீர்மானமாகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன் வந்தால் சில நிமிடங்களில் இந்த வேலை சூடுபிடித்துவிடும். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு: இன்சுலினைப் போலச் செய்து அடைத்து வைத்துக்கொள்கிற பழக்கம் ஸ்டீராய்டு சுரப்பிகளுக்குக் கிடையாது. தேவைப்படும்போது செய்வார்கள், உடனே ரத்தத்தில் விடுவார்கள்.

உட்சவ்வில் இருக்கும் நொதி வாலை நறுக்குகிறது. ஆறு கொட்டையை எடுத்து ஓரமாக வையுங்கள். மீதி 21. இதுதான் பிரெக்னினோலோன். இடது மேல்மூலைக் கட்டத்தில் வையுங்கள். எல்லா ஸ்டீராய்டு ஹார்மோனுக்கும் தாய் இதுதான். கொலஸ்ட்ராலிலிருந்துதான் இவை வருகின்றன என்பதற்கு ஆரம்பகாலச் சான்று தந்தவர் கொன்ராட் பிளாக். கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கொலஸ்ட்ராலைக் கொடுத்து, அந்த அடையாளம், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிதைந்து சிறுநீரில் வரும் பிரெக்னேன்டையாலில் தெரிவதை 1945இல் காட்டினார். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1964இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இனிக் கட்டம் நிரப்புவது எளிது. விதி ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் நகர்ந்தால் அது 17ஆம் எண் நொதியின் வேலை. கீழே இறங்கினால் வரிசைப்படி 3-பீட்டா, 21, 11 என்ற நொதிகள். எந்தக் கார்பனில் வேலை என்பதைத்தான் எண் சொல்கிறது.

முதல் வரிசையில் இடமிருந்து வலம் போவோம். பிரெக்னினோலோனின் 17ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்டினால் 17-ஹைட்ராக்சி பிரெக்னினோலோன். கொட்டை அதே 21. அதே நொதி இன்னொரு வேலையும் செய்யும்: இரண்டு கார்பனை வெட்டும். இரண்டு கொட்டையை எடுங்கள், 19. அது டிஎச்இஏ என்ற ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன் வகை), மூன்றாவது கட்டம்.

இரண்டாம் வரிசைக்கு 3-பீட்டா நொதி இறக்கிவிடும். மூன்று பத்தியிலும் அதே வேலைதான்: பிரெக்னினோலோன் புரோஜெஸ்டிரோன் ஆகும், நடுவில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், வலத்தில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன். நடுவிலிருந்து வலத்துக்குப் போக மேல்வரிசை, இரண்டாம் வரிசை இரண்டிலும் அம்பு போட்டிருப்பார்கள். மனித உடலில் பெரும்பாலான போக்குவரத்து மேல்வரிசை வழியாகத்தான். கீழ் அம்பைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள், திருத்துகிறவர் மகிழ்வார்.

இடது, நடுப் பத்திகள் 21 வழியாக மூன்றாம் வரிசைக்கு இறங்கும்: டிஆக்சி கார்ட்டிகோஸ்டீரோன், 11-டிஆக்சிகார்ட்டிசால். பிறகு 11 வழியாக நான்காம் வரிசை: கார்ட்டிகோஸ்டீரோன், கார்ட்டிசால். நடுப்பத்தி அதோடு முடிந்தது. இடப்பக்கம் மட்டும் ஆல்டோஸ்டீரோன் சிந்தேஸ் என்ற நொதி இன்னும் ஒரு படி இறக்கி ஐந்தாம் வரிசையில் ஆல்டோஸ்டீரோனை வைக்கும். எந்த வேலை செல்லில் எங்கே? வாலை நறுக்கும் முதல் வேலை மைட்டோகாண்ட்ரியாவில். 17, 21 வேலைகள் எண்டோபிளாச வலை என்கிற செல்லின் சவ்வு வலையில். கடைசி 11க்கு மறுபடி மைட்டோகாண்ட்ரியா. இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

வலப்பத்தி தனி வழி. ஆண்ட்ரோஸ்டீன்டையோனை 17-பீட்டா நொதி டெஸ்டோஸ்டீரோன் ஆக்கும். பெயரில் 17 இருந்தாலும் இது வேறு ஆள், குழம்பாதீர்கள். அரோமட்டேஸ் என்ற நொதி இன்னொரு கார்பனைக் கழிக்கும். கடைசிக் கொட்டையை எடுங்கள், 18. ஈஸ்ட்ரடையால். ஆண் ஹார்மோன் வழியாகத்தான் பெண் ஹார்மோன் வருகிறது என்றதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும், அப்புறம் மறக்கவே மறக்காது.

அட்ரீனல் புறணியின் மூன்று அடுக்கும் மூன்று பத்திகள். வெளியடுக்கில் 17 இல்லை. பக்கவாட்டில் நகர முடியாது, ஆகவே ஆல்டோஸ்டீரோன். நடுவடுக்கில் கார்ட்டிசால். உள்ளடுக்கில் டிஎச்இஏ. விந்தகத்தில் 21ம் 11ம் வேலைக்கு வராது, அதனால் டெஸ்டோஸ்டீரோன். சினைப்பையில் இரண்டு செல்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன: பிட்யூட்டரி ஹார்மோனான எல்எச் ஏவினால் தீக்கா செல் ஆண்ட்ரோஜனைச் செய்து கொடுக்கும், இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்எஸ்எச் ஏவினால் கிரானுலோசா செல் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும்.

படம் வந்துவிட்டதா? இனி நோயைக் கண்டுபிடிக்கலாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை போய் 21 என்ற அம்பின் மேல் நின்றுகொள்வாள்; அந்த நொதி வேலை செய்யவில்லை, வழி அடைபட்டது என்று அர்த்தம். இடமும் நடுவும் இறங்காது. கார்ட்டிசால் இல்லாததால் ஏசிடிஎச் விரட்டிக்கொண்டே இருக்கும், சுரப்பி வீங்கும், சரக்கெல்லாம் வலப்பக்கம் பாயும். பிறக்கும் பெண்குழந்தையின் பிறப்புறுப்பு ஆண்தன்மையோடு இருக்கலாம்; ஆல்டோஸ்டீரோன் இல்லாமல் உடலில் உப்பு நிற்காது, முதல் சில வாரங்களிலேயே குழந்தை தளர்ந்துவிடும். அட்ரீனல் மிகைவளர்ச்சி என்கிற இந்தப் பிறவிக் குறைபாட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 21ஆல்தான். ரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனை ஏன் அளக்கிறார்கள் என்று தரையைப் பார்த்தாலே தெரியும்: அடைப்புக்கு நேர் மேலே குவிந்து கிடப்பது அதுதான்.

11ஐ அடைத்தாலும் ஆண்ட்ரோஜன் கூடும். ஆனால் டிஆக்சி கார்ட்டிகோஸ்டீரோன் தேங்கி உப்பைப் பிடித்துவைப்பதால் ரத்த அழுத்தம் ஏறும். 17ஐ அடைத்தால் இடப்பத்தி மட்டும் ஓடும்: அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், பருவமே வராது. குறுக்குவழி வேண்டுமென்றால்: எண் 1இல் தொடங்கினால் ரத்த அழுத்தம், 1இல் முடிந்தால் ஆண்தன்மை. 11க்கு இரண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ, கார்ட்டிசாலைப் போல வேலை செய்யும் பிரெட்னிசோலோனை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு ஏசிடிஎச் அடங்கிவிடும், நடுப்பத்தி தூங்கிவிடும். வலி போய்விட்டது என்று சட்டென நிறுத்தினால் உடம்பு தாங்காது. எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நர்சிங் பிள்ளைகள் வார்டில் தினமும் சொல்ல வேண்டிய வரி இது.

ஒரு கேள்வி கொடுத்து அனுப்புகிறேன். நஞ்சுக்கொடியிலும் 17 கிடையாது. இருந்தும் கர்ப்பகாலத்தில் அது ஈஸ்ட்ரோஜனைக் குவிக்கிறது. எப்படி? வலப்பத்திக்கான சரக்கை அது வெளியிலிருந்து வாங்குகிறது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் அட்ரீனல்தான் டிஎச்இஏ சல்ஃபேட்டைச் செய்து அதிகமாக அனுப்புகிறது, தாயின் அட்ரீனலும் கொஞ்சம் தரும். நஞ்சுக்கொடி சல்ஃபேட்டைக் கழற்றிவிட்டு அரோமட்டேஸுக்குக் கொடுக்கும்.