84 என்று காட்டினால் முதலில் குழந்தையைப் பாருங்கள்

இரவு இரண்டு மணி. ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி, அசந்து தூங்குகிறது. அப்பா எதற்கும் பார்த்துவிடுவோம் என்று விரலில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். 84 என்று வருகிறது. சற்றுக் கழித்து 91. அப்புறம் வெறும் கோடு. வீடே எழுந்துகொள்கிறது, டாக்டருக்கு ஸ்கிரீன்ஷாட் பறக்கிறது. இத்தனை அமளியிலும் குழந்தை உதடு சிவந்து, சீராக மூச்சுவிட்டபடி தூங்குகிறது.

கோளாறு கிளிப்பில். அது பெரியவர்கள் விரலுக்காகச் செய்தது. ஆக்சிமீட்டர் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, விரலைத் தாண்டி எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. பிஞ்சு விரல் கிளிப்பை நிரப்பாது. ஒளி விரலுக்குள் போகாமல் பக்கவாட்டிலேயே கசிந்துவிடும். கைக்குழந்தைக்கு என்றால் பாதத்தையோ கால் கட்டைவிரலையோ சுற்றி ஒட்டும் சென்சார்தான் சரி. கை ஜில்லென்று இருந்தாலும், குழந்தை உதறினாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் குதிக்கும். கருவி காட்டும் நாடித்துடிப்பு அரை நிமிடமாவது நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆக்சிஜன் எண்ணை நம்ப வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தோல் நிறம் கருமையாக இருந்தால் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் இதைப் பற்றி எச்சரித்தது. ஆகவே 96 என்று பார்த்ததும் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வதும் சரியில்லை.

அடுத்தது, பெரியவர்களின் அளவுகோலைக் குழந்தைக்கு வைப்பது. பச்சிளம் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 140 முறை துடிப்பது சர்வ சாதாரணம். அதே எண் பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால் கவலைப்பட வேண்டும். அப்பாவின் வாட்சைக் கழற்றிப் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, அது தரும் எச்சரிக்கையைப் பார்த்து நடுங்குவதில் அர்த்தமில்லை. ஆப்பிள் வாட்சின் ஈசிஜி வசதி 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கானதல்ல என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. பெட்டியோடு வரும் தாளில் இதெல்லாம் இருக்கும். யார் படிக்கிறார்கள்?

சளி, இருமல் என்றால் என்னைப் பொறுத்தவரை எந்தக் கருவியையும்விட மூச்சை எண்ணுவது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது. சிறு குழந்தையின் மூச்சு ஒரே தாளத்தில் இருக்காது. வேகமாகப் போகும், நிற்கும், மறுபடி தொடங்கும். முழு நிமிடம் எண்ண வேண்டும். அதுவும் அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது.

வீடியோ அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையின் முகத்தை எடுத்து அனுப்புகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது மார்பும் வயிறும். நல்ல வெளிச்சத்தில், சட்டையை உயர்த்திவிட்டு, போனை ஆட்டாமல் ஒரு நிமிடம் எடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது மார்பின் கீழ்ப்பகுதி குழிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். குழிந்தால் வீடியோவுக்குப் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்காமல் கிளம்ப வேண்டும். அப்புறம் ஒன்று, அந்த வீடியோ டாக்டருக்கு மட்டும் போகட்டும். உறவினர் குழுவுக்கு வேண்டாம்.

நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு இரவெல்லாம் ஸ்மார்ட் சாக்ஸ், அதாவது நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் அளந்து போனுக்கு அனுப்பும் காலுறை, மாட்டிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரணத்தைத் தடுக்கும் உபாயமாக வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளை நம்ப வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் 2022 வழிகாட்டுதல். சாக்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதும், மெத்தென்ற தலையணையில் கிடத்துவதும்தான் ஆபத்து. மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில் தூங்கவைப்பதற்கு ஈடான ஆப் எதுவும் இல்லை.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் கதை வேறு. அங்கே, உடலில் ஒட்டிய சென்சார் சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும் தொலைதூரக் கண்காணிப்பு நிஜமாகவே வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. தொடங்கிவைத்தவர்களும் பெற்றோர்தான். நான்கு வயது மகனின் சர்க்கரை அளவை அலுவலகத்தில் இருந்தபடி பார்க்க 2013-இல் ஜான் காஸ்டிக் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர் தானே நிரல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நைட்ஸ்கவுட் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்.

இதிலும் இரண்டு பொறிகள். பிள்ளை சென்சார் ஒட்டிய கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடம் அழுந்தி, சர்க்கரை விழுந்துவிட்டதாக அலாரம் அடிக்கும். புரண்டு படுத்தால் எண் தானாக ஏறிவிடும். மேலும், சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். எண்ணுக்கும் பிள்ளையின் நிலைக்கும் பொருந்தவில்லையா, விரலில் குத்திப் பாருங்கள். இரண்டாவது பொறி அலாரம்தான். எல்லாவற்றுக்கும் அடிக்கும்படி வைத்தால் பத்தாவது நாள் யாரும் எழ மாட்டார்கள். எந்த எண்ணுக்கு எழ வேண்டும் என்பதை டாக்டரோடு பேசி முடிவுசெய்து, மற்றவற்றை அணைத்துவிடலாம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வகுப்பு நடுவே 'ஏன் 180?' என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒருநாள் அவள் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். அவள்மேல் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இது எதுவும் இல்லை. நாம் ஆப்பில் அனுப்பும் எண்ணை மருத்துவமனைப் பக்கத்தில் யாரோ விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது. ஆப்பில் பச்சை டிக் விழுந்தால் தகவல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே அர்த்தம். பல இடங்களில் நர்ஸ் ஒருவர் வேலை நேரத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தத் திரை முன்னால் ஆளே இருக்காது. கருவியை வாங்கும் அன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டிய கேள்விகள்: யார் பார்ப்பார்கள்? எந்த நேரத்தில்? எந்த எண் வந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள், எந்த எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும்? நெட் போனால் என்ன செய்வது? பிறவி இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் 80 சொச்சமே வழக்கமான அளவாக இருக்கும். அந்தக் குழந்தைக்கு எது எல்லை என்பதை இணையத்தில் தேடி எடுக்க முடியாது, அதன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பதில்களை எழுதிய தாள் பாட்டிக்கும் தெரியும் இடத்தில் ஒட்டியிருக்கட்டும்.

வாட்சுகளின் அந்தரங்கப் பிரச்சினையும் உண்டு. ரகசியமாக ஒட்டுக்கேட்க வசதி இருந்ததால் 2017-இல் ஜெர்மனி சில வகைக் குழந்தை வாட்சுகளை விற்கவே தடை போட்டது. வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றுவது, மைக் அனுமதியைப் பார்ப்பது, இரண்டு நிமிட வேலை.

கடைசியாக, இத்தகைய கருவிகள் சிலவற்றுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ அதன் உறையோ கையில் இருந்தால் எடுத்துப் போங்கள், அளவைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு உதவும்.