பெட்டி விளக்கு மங்கினால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள்

நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியுடன் இரவில் ஏ9 வீதியில் ஏறுகிறவர்கள், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது பின்விளக்கையும் ஒருமுறை பாருங்கள். பின்னால் வருகிறவனின் உயிரும் அதில்தான் இருக்கிறது. சிக்னல் போட்டதும் மற்ற விளக்குகளும் சேர்ந்து மினுங்கினால் பல்பில் குறையில்லை, ஏர்த்தில்தான், அதாவது மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வழியில்தான் குறை. இங்கே பலர் பெட்டியை இயந்திரத்தோடு கொழுவியிருக்கும் இரும்பையே ஏர்த்தாக நம்புகிறார்கள். கிறீசும் துருவும் அங்கே மின்னோட்டத்தை மறித்துவிடும். தனி ஏர்த் வயர் இழுங்கள். சட்டத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஆணியை முடுக்குங்கள்.

காவல் கொட்டில் வெளிச்சத்துக்காகப் பெட்டியில் இரண்டாவது பற்றரி வைத்திருக்கிறீர்களா? அதில் சார்ஜ் இறங்கியிருக்கும்போது இயந்திரத்தை ஓடவிட்டு இரண்டிலும் மீற்றரை வையுங்கள். முன்னால் 14 வோல்ட், பின்னால் 12.5 என்றால் இடையில் ஒல்லி வயரோ, பச்சை பூத்த பிளக் முனையோ வோல்ட்டைத் தின்கிறது. விளக்கு வயரில் சார்ஜ் ஏற்றவே கூடாது. போகவும் வரவும் 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், இரு பற்றரிகளின் அருகிலும் பியூஸ் போடுங்கள். இயந்திரம் நின்றதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயும் வேண்டும். அது இல்லாவிட்டால் கொட்டில் விளக்கு முன் பற்றரியையும் உறிஞ்சிவிடும்.