போலோ ரீசேட்டுக்குப் பட்டன் பட்டி தைப்பது

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் ஆரையம்பதியில் எங்கள் தையல் கடைக்குப் போலோ ரீசேட் ஓடர்தான். அதில் கஷ்டமான இடம் முன்பக்கத்துப் பட்டன் பட்டி. பின்னல் துணி இழுபடும். ஆகவே பட்டித் துணியின் உட்புறம் கன்வஸ் எனும் விறைப்புத் துணியை ஒட்டி அயன் பண்ணுங்கள். பட்டியை வைத்து இரு பக்கமும் தைத்த பிறகே நடுவில் வெட்டுங்கள். அடியை நெருங்கியதும் கத்தரியை இரு மூலைக்கும் சாய்த்து, தையலுக்கு ஓர் இழை முன்னால் நிறுத்த வேண்டும். வெட்டு குறைந்தால் மூலை சுருங்கும், கூடினால் ஓட்டை.

அளவு கொடுக்க வரும் பிள்ளைகள், "மாமா, போலோ எண்டா என்ன?" என்பார்கள். குதிரையில் ஏறி ஆடும் பந்தாட்டம். இமயமலைப் பக்கத்துப் பால்டி மொழியில் அதற்குப் பந்து என்றே பொருள். மணிப்பூரில் அந்த ஆட்டத்தைப் பார்த்த ஆங்கிலேயர் 1859இல் அசாமிலுள்ள சில்சாரில் ஒரு கழகமே தொடங்கினார்கள். மார்க்கோ போலோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது குடும்பப் பெயர். சரி, சட்டை? இந்தக் கழுத்துப் பட்டியும் அரைக்கையும் உள்ள பின்னல் சட்டையை 1920களில் பிரபலமாக்கியவர் டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட். உழைத்தது டென்னிஸ், பெயர் தட்டிக்கொண்டது போலோ!

அப்புறம், வெட்டிய அடி முக்கோணத்தை உள்ளே மடித்துப் பட்டியோடு சேர்த்துத் தையுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இடப்பக்கப் பட்டி மேலே வரவேண்டும்.