தேத்தண்ணீரில் தாள் வளர்ப்பது எப்படி?

லண்டன் வடிவமைப்பாளர் சுசான் லீ, தேத்தண்ணீரில் பக்டீரியா நெய்த செலுலோஸ் என்னும் நார்ப் படலத்தைக் காயவைத்து மேற்சட்டைகள் தைத்தார். 2011இல் டெட் என்ற உரை நிகழ்வின் மேடையில் அதை விளக்கினார். அந்தப் படலத்தையே தாளாகவும் பயன்படுத்தலாம். தேயிலை விளையும் மலையகத்தில் படம் வரைபவர்கள் அவசியம் செய்து பார்க்கவேண்டிய தாள் இது.

முதலில் 2 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 10 கிராம் டஸ்ட் தேயிலையைப் போட்டு 10 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். வாசனை சேர்த்த தேயிலை வேண்டாம். 200 கிராம் சீனியைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் பக்டீரியா செத்துவிடும்.

பிறகு அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, பழைய கொம்புச்சா நீர் (சீனியிட்டுப் புளிக்கவைத்த தேத்தண்ணீர்) 200 மில்லிலீற்றரும், அதன்மேல் மிதக்கும் பக்டீரியாத் தாய்ப்படலத்தில் ஒரு துண்டும் சேருங்கள். பேசினின் வடிவமே தாளின் வடிவம். உலோகப் பாத்திரத்தை அமிலம் அரிக்கும். புளிப்பை அளக்கும் பீஎச் தாளில் 4.5க்கு மேல் காட்டினால் வினாகிரி விடுங்கள். புளிப்புக் குறைந்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். காற்று வேண்டும் என்பதால் மூடி போடாமல் நெருக்கமான துணியால் கட்டுங்கள்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் கெடுப்பது குளிர்தான். இதற்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வேண்டும்; நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ ஏறத்தாழ 16. பேசினை ரெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். பேசினை மட்டும் அசைக்கவே கூடாது: படலம் அமிழ்ந்தால் மேலே புதிதாக இன்னொன்று தொடங்கும், இரண்டும் ஒட்டாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் படலம் ஒரு சென்ரிமீற்றர் தடிக்கும். சவர்க்கார நீரில் அலசி, பலகையில் விரித்து, மின்விசிறிக் காற்றில் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். மூடுபனி நாட்களில் காயாமல் அழுகும். பெப்ரவரி, மார்ச் வெயில் நல்லது.

இனித்தான் கலை. துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினாகிரியில் ஊறவையுங்கள். அந்த நீரைத் தூரிகையில் தொட்டு வரைந்தால், தாளிலுள்ள தேயிலைத் தனினோடு (துவர்ப்புப் பொருள்) இரும்பு சேர்ந்து கோடு கருமையாகும். மெல்லிதாகத் தொடங்குங்கள், நிறம் மெதுவாகத்தான் ஏறும். பின்னால் எல்ஈடி விளக்கு வைத்தால் ஒளி ஊடுருவி, கறுப்புக் கோடுகள் தெளிவாக எழும்.

தாள் ஈரத்தை உறிஞ்சும். வரைந்து காய்ந்தபின் தேன்மெழுகை உருக்கி இருபுறமும் மெல்லிதாகத் தேய்த்துவிடுங்கள்.