சுற்றுச்சூழல் பொறியாளர் வேலை: தேடும்போது செய்யும் தவறுகள்

"சுற்றுச்சூழல் பொறியியல் படித்தேன், வேலையே இல்லை" என்று சொல்லும் தம்பி, தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, எங்கே தேடினீர்கள் என்றுதான். பெரும்பாலும் சென்னை என்பார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கழிவு எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் இந்த வேலையும் இருக்கும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு பாழாக்கிய பிறகு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்பது நிலைமை. அதனால் அங்கே ஆர்.ஓ. (மெம்பரேன் என்னும் சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது), எவாப்பரேட்டர் (மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் கருவி), உப்பு மீட்பு தெரிந்த ஆளைத்தான் கேட்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் தோல் தொழிற்சாலை. பேச்சே குரோமியம், உப்பு, ஸ்லட்ஜ் (சுத்திகரிப்பில் படியும் சகதி) பற்றித்தான். சென்னையில் அடுக்குமாடிகளின் எஸ்.டி.பி. (வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகள். பட்டம் ஒன்றுதான், தொழில் மூன்று. ஒரே பயோடேட்டாவை மூன்று ஊருக்கும் அனுப்பினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அடுத்தது பதவியின் பெயர். 'சுற்றுச்சூழல் பொறியாளர்' என்றே தேடினால் கண்ணில் படுவது சிலதான். கம்பெனிகள் ஈ.டி.பி. (தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இன்சார்ஜ், இ.எச்.எஸ். (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) ஆபீசர், பிளான்ட் இன்ஜினியர் என்றெல்லாம் விளம்பரம் போடுகின்றன.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுக்குப் படியுங்கள், தவறே இல்லை. ஆனால் அதற்காக வேறு வேலையே பார்க்காமல் வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பிளான்ட்டில் இருந்துகொண்டும் படிக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடைசித் தவறுதான்: கை நனையாமல் படித்து முடிப்பது. ஒருமுறை நேர்காணலுக்கு வந்த பையனிடம், ஏரேஷன் தொட்டியில் (கழிவுநீருக்குக் காற்று ஊதும் தொட்டி) எடுத்த ஒரு லிட்டர் கலவையைச் சிலிண்டரில் ஊற்றிக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் ஸ்லட்ஜ் 300 மில்லி கோட்டில் படிந்தது. எம்.எல்.எஸ்.எஸ். (ஒரு லிட்டர் கலவையில் மிதக்கும் திடப்பொருள், மில்லிகிராமில்) 3,000 என்று சொல்லி, எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற அளவு) எவ்வளவு என்று கேட்டோம். சூத்திரத்தைத் தப்பில்லாமல் சொன்னான், 100 என்ற விடையும் வந்தது. அது நல்லதா கெட்டதா என்று கேட்டதும் விழித்தான். நன்றாகப் படிகிற ஸ்லட்ஜ், கவலை வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. 150ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஸ்லட்ஜ் சரியாகப் படியாது, தெளிந்த நீரோடு சேர்ந்து வெளியேறும். வேலைக்குச் சேர்ந்தால் இரவு ஷிப்டில் அதைக் கவனிக்க வேண்டியவன் அவன்தான்.

கடைசி செமஸ்டர் விடுமுறையில் பக்கத்துப் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு மாதம் நிற்க அனுமதி கேளுங்கள். ஆபரேட்டர் அண்ணன்களோடு நின்று சாம்பிள் எடுங்கள், ஆர்.ஓ. மெம்பரேனில் அழுத்தம் ஏறும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பயோடேட்டாவில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.