டெலிகேட்: எங்கே சறுக்கும்?

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு எடை மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூட்டை தராசில் ஏறியதும் மூன்று வேலை: திரையில் எடை காட்ட வேண்டும், பற்றுச்சீட்டு அடிக்க வேண்டும், கணக்கில் பதிய வேண்டும். சி ஷார்ப் நிரல்மொழியில் மூன்று வேலைக்கும் எழுதிய மெதட்டுகளை (செயற்கூறுகளை) += போட்டு ஒரே டெலிகேட்டில், அதாவது மெதட்டுகளைப் பிடித்துவைத்து அழைக்க உதவும் மாறியில், கோர்த்துவிடலாம்.

பிரிண்டரில் தாள் தீர்ந்த அன்றுதான் வினை. கோர்த்த வரிசையிலேயே மெதட்டுகள் ஓடும். இரண்டாவது மெதட் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) எறிந்தால் மூன்றாவதற்கு முறையே வராது. திரையில் 62 கிலோ நிற்கும், கணக்கில் மூட்டை இருக்காது. கோர்த்தவற்றின் பட்டியலைத் தரும் கெட்இன்வொகேஷன்லிஸ்ட் மூலம் ஒவ்வொன்றாக எடுத்து, பிழையைப் பிடிக்கும் தனித்தனி ட்ரை-கேட்ச்சுக்குள் அழையுங்கள். கணக்கை முதலில் கோர்ப்பது கைவைத்தியம்தான்.

விடை திருப்பும் மெதட்டுகளைக் கோர்த்தால் கடைசி மெதட்டின் விடை மட்டுமே கைக்கு வரும். ஈரத்துக்கு 2 கிலோ, பதருக்கு 1, சாக்குக்கு 1 என்று கழிவு கோர்த்தால் 4 வராது, 1தான். விவசாயி சந்தோஷப்படுவார், முதலாளி உங்களைத் தேடுவார்.

அதிகம் அலையவைப்பது கழற்றாத ஈவென்ட் (வெளியிலிருந்து கோர்க்கவும் கழற்றவும் மட்டுமே விடும் டெலிகேட்). டெலிகேட் மெதட்டோடு, அந்த மெதட்டுக்குரிய ஆப்ஜெக்டையும் பிடித்துவைத்திருக்கும். திரையை மூடினாலும், தராசு ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை பழைய திரை நினைவகத்தை விட்டுப் போகாது. திரை திறக்கும்போதெல்லாம் சீட்டு மெதட்டைக் கோர்த்தால், மூடி மூடிப் பத்தாம் தடவை திறக்கையில் ஒரு மூட்டைக்குப் பத்துச் சீட்டு வரும். மூடும்போது -= போடுங்கள். ஆனால் += இல் எழுதிய லாம்டாவை (பெயரில்லா மெதட்டை) எழுத்துப் பிசகாமல் -= இல் மறுபடி எழுதினாலும் கழலாது; அது வேறொரு டெலிகேட். பிழைச்செய்தியும் வராது. லாம்டாவை ஒரு மாறியில் வைத்து, அதே மாறியைக் கழற்றவேண்டும்.

ஃபார் சுழற்சியில் ஐந்து தராசுக்கு லாம்டா எழுதினால், ஐந்தும் சுழற்சியை எண்ணும் ஒரே மாறி i ஐப் பார்க்கும்; பின்னால் ஓடும்போது எல்லாவற்றுக்கும் i = 5. சுழற்சிக்குள்ளேயே புது மாறியில் நகல் எடுங்கள். ஃபார்ஈச்சில் இந்தச் சிக்கல் 2012இல் வந்த சி ஷார்ப் 5 உடன் தீர்ந்தது, ஃபாரில் இன்றும் உண்டு.

மெதட்டைக் கொடுக்கும்போது பெயர் மட்டும் போதும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அங்கேயே ஓடிவிடும். யாரும் கோர்க்காத டெலிகேட் நல் (null, வெறுமை), அதனால் வெறுமையானால் அழைக்காமல் விடும் ?. போட்டு அழையுங்கள். வெளியே தெரியும் டெலிகேட்டுக்கு ஈவென்ட் என்ற சொல்லைச் சேருங்கள். இல்லாவிட்டால் யாரோ += க்குப் பதிலாக = அடித்ததும் முன்பு கோர்த்தவை அத்தனையும் சத்தமில்லாமல் போய்விடும்.